சுவருக்கு மேலே நீட்டிய கை

ஹாலிஎலவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள் அஞ்சலின். ஒரு மலையில் நின்று கூப்பிட்டால் அடுத்த மலையில் கேட்கும் குரல். நாடெங்கும் போதை ஒழிப்புத் திட்டம் என்று தோட்டத்துக்குத் தோட்டம் குழு அமைத்தபோது, அந்தக் குரலுக்காகவே அவளைத் தலைவி ஆக்கினார்கள்.

"தலைவியம்மா வாறாங்கடி, வெத்தலைய துப்பிருங்க!" என்று மலையில் கேலி செய்தார்கள். அஞ்சலினும் சிரித்தாள். நினைப்பு மட்டும் வீட்டிலேயே கிடந்தது. கொழும்பில் கடை வேலையை விட்டுத் திரும்பி வந்த மகன் ஜூட் தூங்குவதில்லை, சாப்பிடுவதில்லை, சும்மா இருக்கும்போதும் பல்லை நறநறவென்று கடித்தான். அது ஐஸ் என்னும் போதைத்தூளின் வேலை என்று குழுக் கூட்டத்தில்தான் தெரிந்துகொண்டாள். சிகிச்சைக்கு அனுப்புவார்கள் என்றும் அங்கே சொன்னார்கள். கேட்க வாய் வரவில்லை. முதலில் பொலிஸ் அல்லவா வரும்?

ஞாயிறு பூசை முடிந்து வந்தவள் ஜூட்டின் காற்சட்டையைத் துவைக்க எடுத்தாள். பையில் சிறிய பொலித்தீன் பொட்டலம். அதே நேரம் அவர்களுடைய வரிசை வீடுகளான லயத்தின் கோடியில் பொலிஸ் ஜீப் வந்து நின்றது.

லயத்து அறைகளின் நடுச்சுவர் கூரையைத் தொடுவதில்லை. கசிப்பு என்ற கள்ளச்சாராயம் ஓடிய காலத்தில் பொலிஸ் வந்தால் போத்தல் அந்த இடைவெளி வழியே அறை அறையாகக் கைமாறி, கடைசியில் தேயிலைக்குள் போய்விடும். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். யோசிப்பதற்குள் அஞ்சலின் பெட்டிமேல் ஏறிக் கையை நீட்டிவிட்டாள். மறுபக்கம் அடுத்த அறைப் பிரான்சிஸ்காவின் கை வாங்கிக்கொண்டது.

"என்னக்கா, இத்துனூண்டு?"

அதற்குள் பிரான்சிஸ்காவின் கதவு தடாரென்று திறந்தது.

"இது யாருடையது?" பெண் பொலிஸின் குரல்.

எங்கிருந்து வந்தது என்று லயத்தில் யாரும் சொல்வதில்லை. பிரான்சிஸ்காவின் கைக்குழந்தை வீறிட்டது.

"சரி, ஜீப்புல ஏறு."

அஞ்சலின் பெட்டியிலிருந்து இறங்கினாள். வாயை மூடிக்கொண்டால் மகன் தப்புவான். ஆனால் பிள்ளைக்காரி ஜெயிலுக்குப் போய்விடுவாள். அடுத்த வாசலுக்குப் போய், அங்கே நின்ற அதிகாரியிடம் சொன்னாள்.

"சேர், அவள விடுங்க. சுவத்துக்கு மேல நான்தான் குடுத்தேன். எம்மகன் ஜூட்டோடது."

"எங்க அவன்?"

"கீழ த்ரீவீல் நிக்கிற எடத்துல." மலைக்கு மலை கேட்கும் குரல் காற்றாய்த்தான் வந்தது. "அடிக்காம கூட்டிட்டுப் போவீங்களா, சேர்? ஆஸ்பத்திரிக்கு அனுப்புவீங்கன்னு சொன்னாங்களே?"

அதிகாரி பிரான்சிஸ்காவின் கையை விடச் சொல்லிவிட்டு, அஞ்சலினைப் பார்த்தார்.

"வந்து ஆளைக் காட்டு."

அஞ்சலின் ஜீப்பில் ஏறினாள்.