முந்திச் சேர்ந்த சார்ஜண்ட்

ராணுவத்துக்கு ஆள் எடுத்த அன்று இவர் வரிசையில் முன்னால் நின்றதற்கு வீரம் காரணமில்லை. அதுவரை அவருக்கு முன்னால் நின்றிருந்த நண்பன் தண்ணீர் குடிக்கப் போய்விட்டான். அவன் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வருவதற்குள் இவர் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார். அந்த ஒரு டம்ளர் தண்ணீரால் இவர் ஆயுசுக்கும் சீனியர். அவன் ஆயுசுக்கும் அடுத்தவன்.

இருவரும் போய்ச் சேர்ந்தது ஆற்றுக்குக் குறுக்கே மிதவைப் பாலம் கட்டுகிற படைப்பிரிவு. அங்கே யாராவது எதற்காவது முண்டியடித்தால், "நான் முந்திச் சேர்ந்தவன்" என்பார் இவர். சாப்பாட்டு வரிசை, குளியலறை, முடிவெட்டுகிறவரின் நாற்காலி எல்லாவற்றுக்கும் அதே பேச்சு. அதனால் முந்தியார் என்ற பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. நண்பனுக்குச் சிடுமூஞ்சி என்று பெயர். அதற்கு விளக்கம் தேவைப்படாது, ஒரு தடவை பார்த்தாலே போதும்.

சிடுமூஞ்சிக்கு ஆறு என்றால் அத்துப்படி. கரையில் நின்று கொஞ்ச நேரம் முறைத்துப் பார்ப்பான். எங்கே இழுப்பு அதிகம், எங்கே நங்கூரம் பிடிக்கும், எங்கே வழுக்கும் என்று சொல்லிவிடுவான். அடுத்தவனுக்கு அது தெரியவில்லை என்றால் அவனை மனிதனாகவே மதிக்கமாட்டான். முந்தியாருக்கு ஆறு என்றால் தண்ணீர். நிறைய தண்ணீர். ஆனால் யாருடைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, யாருக்குக் கால் அளவுக்குப் பூட்ஸ் கிடைக்கவில்லை என்பதெல்லாம் அவர் விரல்நுனியில் இருந்தது.

முந்தியார் சிடுமூஞ்சியின் தங்கையைக் கல்யாணம் செய்துகொண்டார். இருவரும் மச்சான்கள் ஆனார்கள். அந்த அம்மாள் குடியிருப்பில் தையல் மெஷின் போட்டிருந்தாள். படைப்பிரிவில் பாதிப் பேருக்குச் சட்டைக் கையில் பட்டை தைத்துக் கொடுப்பது அவள்தான். பதவி உயர்வு வரும்போதெல்லாம் முதலில் புருஷன் சட்டைக்கும், சில மாதம் கழித்து அண்ணன் சட்டைக்கும் அதே பட்டையைத் தைப்பாள். வரிசை ஒருமுறைகூட மாறியதில்லை.

வேலைத்தலத்தில் இரண்டு பேரும் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். முந்தியார் ஒலிபெருக்கியைப் பிடித்தபடி நிற்பார். பக்கத்தில் சிடுமூஞ்சி உதடு அசையாமல் முணுமுணுப்பான். அதையே முந்தியார் ஊர் கேட்கக் கத்துவார். பாலம் ஜம்மென்று நிற்கும். பாராட்டு முந்தியாருக்கு வரும். அன்றைக்குச் சிடுமூஞ்சிக்குத் தங்கை வீட்டில் சாப்பாடு. வருஷக்கணக்காக இப்படியே ஓடியது.

தலைமை சார்ஜண்ட் ஓய்வு பெற்றதும்தான் வினை ஆரம்பித்தது. புதிதாக வந்த கர்னல் சின்ன வயசுக்காரர். சேர்ந்த தேதி பார்த்துப் பதவி கொடுக்கிற வழக்கம் இனி கிடையாது, ஆளுக்கொரு பாலம் கட்டிக் காட்டட்டும், நன்றாகக் கட்டுகிறவனுக்கே பதவி என்று அறிவித்துவிட்டார். அன்று சிடுமூஞ்சி சிரித்தான். பார்த்தவர்கள் பயந்துபோனார்கள்.

முந்தியார் கர்னல் அறைக்குப் போய் நியாயம் கேட்டார். அவர் பேசியதில் நியாயமும் இல்லாமலில்லை. முன்னொரு காலத்தில் அந்தப் பதவி, அதிகாரி வீட்டுக்கு யார் காய்கறிப் பை தூக்கினார்களோ அவர்களுக்குத்தான் போனது. தேதி என்று ஒரு விதி வந்த பிறகே அந்தக் கூத்து நின்றது.

"தேதியை யாரும் காக்கா பிடிக்க முடியாது சார். திறமைன்னு சொன்னா, அதை யார் அளக்கறதுன்னு ஒரு கேள்வி வருமில்ல?" என்றார்.

கர்னல் அசையவில்லை. உடனே முந்தியார் வேறு எதுவும் தோன்றாமல் இன்னொன்றையும் சொல்லி வைத்தார்.

"இன்னைக்கு சார்ஜண்டுக்குப் பரீட்சைன்னா, நாளைக்கு ஜெனரலுக்கும் வைக்கணும்னு கேப்பாங்க சார்."

இந்த வார்த்தை எப்படியோ கசிந்து ஜெனரல் காதுக்குப் போய்விட்டது. தமக்கு மேலே இருந்தவர்கள் வரிசையாக ஓய்வு பெற்றும் செத்தும் வழிவிட்டதால் அந்த நாற்காலிக்கு வந்தவர் அவர். பரீட்சை என்ற சொல்லே அவருக்கு ஆகாது. அந்த வாரமே உத்தரவு வந்தது: பழைய வழக்கமே தொடரும்.

முந்தியார் தலைமை சார்ஜண்ட் ஆனார். பெண்டாட்டி புதுப் பட்டையைத் தைத்துக் கொடுத்தாள். தைத்து முடித்ததும் நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு, "எங்கண்ணன் இனிமே இந்தப் பக்கம் வரமாட்டான், அது மட்டும் நிச்சயம்" என்றாள். சொன்னபடியே சிடுமூஞ்சி வரவில்லை. எதிரே பார்த்தால் விறைப்பாக ஒரு சல்யூட் அடிப்பான். அறைந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அதன்பின் பெரிய பயிற்சி வந்தது. ஜெனரலே நேரில் பார்க்க வந்தார். கரையில் நாற்காலி, குடை, குளிர்பானம். ஜெனரலுக்கு வாத்தியம் பிடிக்கும் என்று, பாலத்தின் நடுவில் பேண்டு வாத்தியக் குழுவை நிறுத்தி வரவேற்பதாக ஏற்பாடு.

முந்தியார் ஒலிபெருக்கியும் கையுமாக நின்று பக்கத்தில் பார்த்தார். சிடுமூஞ்சி கைகட்டி நின்றிருந்தான். உதடு அசையவில்லை.

"என்ன மச்சான், நங்கூரம் போதுமா?" என்று மெல்லக் கேட்டார்.

"நீங்கதானே முந்தி. நீங்களே சொல்லுங்க" என்றான் அவன்.

அத்தனை வருஷத்தில் மச்சானை அவன் 'நீங்க' என்று சொன்னது அதுவே முதல் தடவை. ஜெனரல் கடிகாரத்தைப் பார்க்கிற மாதிரி இருந்தது. போதும், இணைத்துவிடுங்கள் என்று முந்தியார் கத்தினார். மிதவைகளை இணைத்தார்கள். பாலமும் நின்றது. வாத்தியக் குழு தாளம் தப்பாமல் நடந்து போய் நடுவில் நின்று வாசிக்கத் தொடங்கியது. ஜெனரல் நாற்காலியை விட்டு எழுந்தார்.

அதற்குள் பாலம் மெதுவாக வளைந்தது. பிறகு இடுப்பு ஒடிந்த மாதிரி ஒரு சத்தம். கரையோடு பாதி நின்றது. மறுபாதி வாத்தியக் குழுவைச் சுமந்துகொண்டு ஆற்றோடு கிளம்பிவிட்டது. நிறுத்தச் சொல்லி உத்தரவு வராமல் வாத்தியத்தை நிறுத்தக்கூடாது என்பது பேண்டு மாஸ்டரின் கொள்கை. அதனால் அவர்கள் வாசித்துக்கொண்டே போனார்கள். ஜெனரல் பழக்கதோஷத்தில் சல்யூட் அடித்தபடி நின்றார்.

முந்தியாருக்கு என்ன கத்துவதென்று தெரியவில்லை. ஏதாவது கத்தியிருக்கலாம், பதவியில் இருப்பவர்கள் அப்படித்தானே செய்வார்கள். அவர் நேரே நடந்து போய் ஒலிபெருக்கியை மச்சான் நெஞ்சில் வைத்து அழுத்தினார்.

"எனக்குத் தெரியலடா. நீ பாரு."

எல்லாரும் பார்க்கத்தான் சொன்னார். சிடுமூஞ்சி ஒரு கணம் அவர் முகத்தையே பார்த்தான். பிறகு வாங்கினான். இரண்டு விசைப்படகுகளைப் பின்னாலேயே விரட்டினான். கயிற்றை எறிந்து பிடிக்கச் சொன்னான். ஆற்று வளைவில் இருந்த மணல்திட்டில் அந்தப் பாதிப் பாலத்தை ஆட்களோடு பத்திரமாக ஒதுங்கவைத்தான். உயிர்ச்சேதம் இல்லை. பெரிய முரசு மட்டும் கடலைப் பார்த்துப் போய்விட்டது.

விசாரணை வைத்தார்கள். மேஜை நிறைய அதிகாரிகள். பாலம் ஏன் பிய்ந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. சீனியர் ஒருவர் பொதுவெளியில் ஜூனியரிடம் ஒலிபெருக்கியைக் கொடுத்தது எந்த விதிப்படி என்பதே அவர்கள் கவலை. கர்னலுக்கே பாவமாகப் போய், அந்த நேரத்தில் தொண்டை கட்டிக்கொண்டது என்று சொல்லிவிடுங்கள், விவகாரம் முடிந்துவிடும் என்று வழியும் காட்டினார்.

முந்தியார் யோசித்தார். முந்தின இரவு பெண்டாட்டி அவரையும், ஆள் அனுப்பி வரவழைத்த அண்ணனையும் எதிரெதிரே உட்காரவைத்துத் திட்டித் தீர்த்திருந்தாள். "நீங்க தெரியாம பண்ணீங்க, இவன் தெரிஞ்சே சும்மா நின்னான். இதுல எவன் பெரிய ஆளு?" என்று கேட்டிருந்தாள். இருவருக்குமே சோறு இறங்கவில்லை.

"தொண்டை நல்லாத்தான் இருந்தது சார். எனக்கு வேலை தெரியாது. அவனுக்குத் தெரியும். பதவியை விட்டுடறேன்" என்றார்.

அதிகாரிகள் ஆடிப்போனார்கள். தெரியாது என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லி அந்த அறையில் யாரும் கேட்டதில்லை. இதற்கு என்ன தண்டனை என்றும் விதியில் இல்லை. கடைசியில் அவரைச் சாமான் கிடங்குக்குப் பொறுப்பாக மாற்றினார்கள். காலியான பதவியை யாருக்குக் கொடுப்பது என்று பழைய வழக்கப்படியே தேதி பார்த்தார்கள். அடுத்து இருந்தது சிடுமூஞ்சி. பதவி அவனுக்குப் போனது. திறமை ஜெயித்தது என்று கர்னலுக்குச் சந்தோஷம். வழக்கம் ஜெயித்தது என்று ஜெனரலுக்குச் சந்தோஷம்.

முதல் சில நாள் முந்தியார், ஆறு எப்படி இருக்கிறதோ என்று பழக்கத்தில் விடியுமுன்பே எழுந்து உட்கார்ந்துகொண்டார். ஒரு காலையில் ஆறு எப்படி இருக்கிறது என்ற நினைப்பே இல்லாமல் கண்விழித்தார். திரும்பிப் படுத்து இன்னொரு தூக்கம் போட்டார்.

அதன்பிறகு பாலம் ஒன்றுகூடப் பிய்யவில்லை. ஆனால் படைப்பிரிவில் யாருக்கும் லீவும் கிடைக்கவில்லை. சிடுமூஞ்சியிடம் போய், அம்மாவுக்குக் காய்ச்சல் என்று சொன்னால், நீ என்ன டாக்டரா என்று திருப்பிக் கேட்பான். இரண்டு பேர் அழுதே விட்டார்கள். ஆட்கள் வேறு வழியில்லாமல் பூட்ஸ் மாற்றுகிற சாக்கில் கிடங்குக்கு வர ஆரம்பித்தார்கள். முந்தியார் தார்ப்பாய் மடிப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து கதையெல்லாம் கேட்பார். ஞாயிற்றுக்கிழமை மச்சான் சாப்பிட வரும்போது, இரண்டாவது தடவை சோறு போட்டதும், மெல்ல ஆரம்பிப்பார்.

"அந்த சமையல்காரப் பையன் மூணு மாசமா வீட்டுக்குப் போகலியாம்டா. விட்டுடு."

சிடுமூஞ்சி தட்டைப் பார்த்தபடி ஏதோ முணுமுணுப்பான். போகட்டும் என்கிறானா, போகக்கூடாது என்கிறானா என்று கேட்டால் பதில் வராது. முந்தியார் திங்கட்கிழமை காலையில் அதைப் போகட்டும் என்றே ஊர் கேட்கச் சொல்லிவிடுவார். அவன் ஒருநாளும் மறுத்ததில்லை.