ஒன்பது பத்துக்கு மெயின் இறங்கும்

மெயின் சுவிட்சின் பிடியைக் கீழே இழுத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்த அம்மாள் நடக்கத் தொடங்குகிறார். மணி ஒன்பது பத்து. மின்விசிறிகள் இரண்டு சுற்று சுற்றி ஓய்கின்றன. பதினெட்டு அறைகளில் பதினெட்டு இயந்திரங்கள் பேச்சு மூச்சில்லாமல் நிற்க, ஒவ்வொரு வாசலிலும் நின்று பார்க்கிறார். எது சொட்டுகிறது, எது புகைகிறது, எது பிடிவாதமாக முனகிக்கொண்டிருக்கிறது. நான்கு நிமிடம் கழித்து மின்சாரத்தை மறுபடி ஏற்றுவார். யாரும் தொடாமல் தானாக எழுந்து வேலையைத் தொடர்கிற இயந்திரத்துக்கு நோட்டில் ஒரு டிக். எழாததற்கு வெறும் கட்டம்.

"பொறந்த வீட்ல கரண்ட் எப்பவும் இருக்கும். போற வீட்ல இருக்காது. இங்கயே பழகிக்கட்டும்" என்பார்.

இதனால் கட்டடத்தில் அவருக்கு 'மாமியார்' என்று பெயர். முகத்துக்கு நேரே 'மேடம்'. இரண்டும் தன்னைத்தான் குறிக்கின்றன என்பது அவருக்குத் தெரியும்.

கட்டடம் முன்பு அச்சகமாக இருந்தது. மழை நாட்களில் இன்னமும் மை வாசனை எழும். இப்போது சில கல்லூரிகளும் ஆலைகளும் ஒரு வங்கியும் கூடி அங்கே ஓர் உதவி அமைப்பை நடத்துகின்றன. புகையைக் குறைக்கிற அடுப்பு, பழைய பேட்டரியை உயிர்ப்பிக்கிற பெட்டி, சாக்கடை நீரைத் திருப்பித் தருகிற தொட்டி என்று ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிற சின்னக் கம்பெனிகளுக்கு அங்கே அறை கிடைக்கும். சோதனைக்கூடம், வக்கீல், ஆலோசகர், தேநீர் எல்லாம் கிடைக்கும். மூன்று வருடம் இருக்கலாம். அதற்குள் இயந்திரம் ஏதாவது ஒரு வெளி இடத்தில், விடாமல் முப்பது நாள் ஓடியிருக்க வேண்டும். ஓடினால் அறை தொடரும்; ஓடவில்லையென்றால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

அந்த முதல் வெளி இடத்தைப் பிடித்துக் கொடுப்பது மாமியாரின் வேலை. அவருடைய பதவிப் பெயர் விசிட்டிங் கார்டில் இரண்டு வரிக்கு நீளுகிறது. கேட்டால் அதைச் சொல்ல மாட்டார். "வரன் பாக்குற வேலைதான். ஆனா ரெண்டு பக்கமும் பொய் சொல்லக் கூடாது. அதான் கஷ்டம்."

வயது ஐம்பத்தாறு. குள்ளமான உருவம், ரப்பர் அடி வைத்த கறுப்பு ஷூ, கழுத்தில் கயிற்றோடு தொங்கும் கண்ணாடி. இதற்கு முன் இருபத்து மூன்று வருடம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பராமரிப்பு இன்ஜினியர். பாய்லர், லிஃப்ட், ஜெனரேட்டர், துணி துவைக்கும் கூடம் எல்லாம் அவர் பொறுப்பு. அந்தப் பழக்கம் போகவில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் தண்ணீர்த் தொட்டி எங்கே என்று கேட்பார். மகனுக்குப் பெண் கேட்டுப் போன வீட்டில் மற்றவர்கள் படிப்பு, வேலை என்று பேசிக்கொண்டிருக்க, இவர் கொல்லைப்புறம் போய்விட்டு வந்து, "மோட்டார்ல பேரிங் போயிடுச்சு, இந்த வாரமே மாத்திடுங்க" என்றார். சம்பந்தம் அதோடு முறியும் என்று கணவர் நினைத்தார். முறியவில்லை. மாடியில் குடியிருக்கும் அந்த மருமகள் இன்றைக்கும், "எங்க அத்தை மெஷினுக்கு மட்டும்தான் மாமியார்" என்று வருகிறவர்களிடம் சான்றிதழ் தருகிறாள்.

கணவர் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். சமையலறைப் பக்கம் மனைவியின் காலடி கேட்டால் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்வார்: "ஃபிரிட்ஜ் பிளக்குல கை வைக்காத. அது ஸ்டார்ட்அப் இல்ல."

வியாழக்கிழமை தோறும் அமைப்பின் சார்பில் ஆலோசனைக் கூட்டம் நடக்கும். மேலிடத்தார் கம்பெனித் தலைவர்களையும் பேராசிரியர்களையும் அழைப்பார்கள். மாமியார் அழைக்கிற ஆட்கள் வேறு. பிஸ்கட் ஆலையின் பாய்லர்காரர், விடுதிச் சமையல்கூடத்தின் பொறுப்பாளர், ஐஸ் கம்பெனியின் ஃபிட்டர். அவருடைய டைரியில் இப்படி நூற்று நாற்பது பேர் இருக்கிறார்கள். "முதலாளி கையெழுத்துப் போடுவாரு. சுவிட்ச் போடுறது வேற ஆளு. அந்த ஆளுக்குப் புடிக்கலன்னா உங்க மெஷினு மூணாம் நாள் மூலைக்குப் போயிடும்."

ஒரு வியாழக்கிழமை, சமையல் கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் கம்பெனிக்காரர் நாற்பது நிமிடம் படம் போட்டு விளக்கினார். பூமியின் வெப்பம், எதிர்காலம், பத்து வருடக் கணிப்பு. விளக்கு எரிந்ததும் விடுதிப் பொறுப்பாளர் கையைத் தூக்கினார்.

"எல்லாம் நல்லாருக்கு. இத யாரு கழுவுறது?"

மாமியார் மட்டும் தேநீர்க் கோப்பைக்குள் சிரித்தார். அந்தக் கம்பெனி அடுத்த ஐந்து மாதம் கழுவ வசதியாக மூடியை மாற்றி அமைப்பதில் செலவழித்தது. இப்போது அது மூன்று விடுதிகளில் ஓடுகிறது.

பதினோராம் அறையில் ஓர் அண்ணனும் தங்கையும் இருக்கிறார்கள். இருவருக்கும் நாற்பதைத் தாண்டிவிட்டது. அண்ணன் முன்பு சோப்பு ஆலையில் ரசாயனம் பார்த்தவர். தங்கை பம்பு கம்பெனியில் இருந்தவர். அண்ணன் பேசுவார், தங்கை ஸ்பேனர் பிடிப்பார். துணி துவைத்த அழுக்குத் தண்ணீரை மேல்தொட்டியில் ஏற்றி, வடிகட்டிச் சுத்தம் செய்து, துணி அலசுகிற கீழ்த்தொட்டிக்கே திருப்பி அனுப்புவது அவர்களுடைய இயந்திரம். பத்து வாளி செலவாகும் இடத்தில் மூன்று வாளி போதும். இரண்டு இடங்களில் கேட்டுப் பார்த்தார்கள். "பழைய தண்ணியிலயா?" என்று முகத்தைச் சுளித்து அனுப்பிவிட்டார்கள். அவர்களுடைய மூன்று வருடம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது.

கடைசி நேரத்தில் மாமியார் தன் பழைய ஆஸ்பத்திரிக்கே போன் போட்டார். துணி துவைக்கும் கூடத்தின் மேலாளர் அவரிடம் பதினைந்து வருடம் வேலை பார்த்தவர்.

"மெஷினப் பத்தி எனக்குத் தெரியாதுக்கா. நீங்க நல்லதுன்னு சொல்றீங்களா?"

"நாலு மாசமா தெனமும் கரண்டப் புடுங்கிப் பாக்குறேன் தம்பி. ஒரு நாள் தவறாம எழுந்திரிக்குது."

"அப்ப கொண்டாங்க."

பத்து நாள் நன்றாக ஓடியது. இன்னும் இருபது நாள் ஓடினால் அண்ணனுக்கும் தங்கைக்கும் அறை நிற்கும். மாதக் கடைசிக்கு இருபத்திரண்டு நாள் பாக்கி இருந்தது.

பதினோராம் நாள் பிற்பகல் போன் வந்தது. மேலாளர் வழக்கமாக வீட்டில் எல்லாரையும் விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். அன்று, "அக்கா, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்றதோடு வைத்துவிட்டார்.

மாமியார் போய்ச் சேர்ந்தபோது கூடத்தின் கொடியில் நாற்பத்திரண்டு படுக்கை விரிப்புகள் தொங்கின. எல்லாம் பாத்திரம் கழுவிய தண்ணீரின் நிறம். அண்ணனும் தங்கையும் முன்பே வந்து சுவரோரம் நின்றிருந்தார்கள்.

"மடிக்கிற அம்மா கண்ணுல பட்டுச்சு, பொழச்சேன்" என்றார் மேலாளர். "வார்டுக்குப் போயிருந்தா இந்நேரம் நான் வீட்டுக்குப் போயிருப்பேன்."

மாமியார் விரிப்பைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நேரே இயந்திரத்திடம் போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். இரண்டு தொட்டிகளுக்கும் நடுவிலிருந்த மின்சார வால்வு பாதி திறந்திருந்தது.

"கரண்ட் எப்ப போச்சு?"

"ஒரு மணிக்கு. பத்து நிமிஷம் இருக்கும்."

கூடத்துக்கு ஜெனரேட்டர் இணைப்பு கிடையாது. அது அறுவைக் கூடத்துக்கும் வார்டுகளுக்கும் மட்டும்தான். அந்தப் பட்டியலைப் போட்டதே மாமியார்தான். மின்சாரம் போனதும் திறந்த வால்வு திறந்தபடி நின்றிருக்கிறது. மேல்தொட்டியின் அழுக்குத் தண்ணீர் சாவகாசமாகக் கீழே இறங்கி அலசும் தண்ணீரோடு கலந்திருக்கிறது.

நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தார். "நம்ம கட்டடத்துல ஒரு நாளும் இப்படி இறங்கலயே?"

தங்கைதான் சொன்னார்.

"ஒன்பது அஞ்சுக்கே வால்வு மூடிக்கும் மேடம். அப்படி ப்ரோக்ராம் பண்ணியிருக்கோம்."

"எதுக்கு?"

"நீங்க ஒன்பது பத்துக்கு வருவீங்கல்ல."

துவைக்கும் டிரம் ஒன்று மட்டும் தூரத்தில் உருண்டுகொண்டிருந்தது.

"ஏமாத்தணும்னு செய்யல மேடம்" என்று அண்ணன் ஆரம்பித்தார். "தெனமும் அந்த நேரத்துல ரீடிங் கெட்டுப்போச்சு. சரி, அந்தக் கால் மணி நேரம் சும்மா கெடக்கட்டும்னு விட்டோம். அப்புறம் அப்படியே பழகிடுச்சு. வால்வு திறந்திருக்கும்போது கரண்ட் போனா என்ன ஆகும்னு நாங்களே பாக்காம விட்டுட்டோம். நாங்க மட்டும் இல்ல மேடம், எல்லாரும்தான்."

"எல்லாரும்னா?"

"அடுப்புக்காரங்க, பேட்டரிக்காரங்க, எல்லா ரூம்லயும். ஒன்பது அடிச்சா அவங்கவங்க மெஷின ஓரங்கட்டி வச்சிருவாங்க."

மேலாளர் அத்தனை கோபத்திலும் சிரித்துவிட்டார். "மாமியார் எத்தன மணிக்கு எழுந்திரிப்பாங்கன்னு மருமகளுக்குத் தெரியாதாக்கா?"

மாமியார் பையிலிருந்து நோட்டை எடுத்தார். பதினோராம் அறைக்கான பக்கம். நான்கு மாதத்துக்கும் வரிசையாக டிக். ஒரு பக்கம் திருப்பினார், இன்னொரு பக்கம் திருப்பினார்.

"இது மெஷினுக்குப் போட்டது இல்ல தம்பி. நான் டயத்துக்கு வந்தேன்னு எனக்கு நானே போட்டுக்கிட்டது."

சொல்லிவிட்டு நோட்டைப் பைக்குள் போட்டார். குரலில் வருத்தம் ஏதும் இல்லை. பம்பில் வாஷர் தேய்ந்திருக்கிறது என்று சொல்கிற குரல்தான்.

என்ன செய்யலாம் என்று தங்கை விரல்விட்டுச் சொன்னார். மின்சாரம் போனால் தானாக மூடிக்கொள்கிற ஸ்பிரிங் வால்வு இருக்கிறது. சொன்னால் நான்கு நாளில் வரும். அதுவரை நிறுத்தினால் முப்பது நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். மாதக் கடைசிக்குள் முடியாது. நிறுத்தாமல் ஓட்ட ஒரே வழிதான் உண்டு. வால்வுக்குப் பக்கத்தில் ஒரு கைத்திருகி இருக்கிறது. காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை யாராவது அதன் அருகிலேயே இருந்து, மின்சாரம் போன நொடியில் அதை மூட வேண்டும்.

"நாங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்தி நிக்கிறோம் சார்" என்றார் அண்ணன்.

"வேணாம்" என்றார் மேலாளர். "தண்ணி கலந்துச்சுன்னா ஒடனே எனக்குச் சொல்லணும். நீங்க சொல்ல மாட்டீங்க."

"சத்தியமா சொல்லுவோம் சார்."

"நாலு மாசமா சொல்லலயே. என் ஆளுங்களயும் விட முடியாது. ஒவ்வொருத்தரும் மூணு பேரு வேலை பாக்குறாங்க."

மாமியார் சற்றுத் தள்ளிப்போய் அமைப்பின் இயக்குநருக்குப் போன் போட்டார். அவர் கனிவான மனிதர். நடந்ததைக் கேட்டுவிட்டு, "விட்ருங்க மேடம், எல்லா டீமும் ஜெயிக்கிறதில்ல. அந்த ரூமுக்கு ஆறு பேரு க்யூல நிக்கிறாங்க" என்றார்.

"நிக்கட்டும் சார். நாப்பத்திரண்டு பெட்ஷீட் கறுத்துப்போனதயும் எழுதுறேன், நாலு நாள் கையால மூடினதயும் எழுதுறேன், நம்ம செக்கிங் லட்சணத்தயும் எழுதுறேன். முப்பதாம் நாள் படிச்சிட்டு நீங்களே முடிவு பண்ணுங்க. இன்னிக்குப் பண்ணாதீங்க."

மறுமுனையில் "சரி" என்று கேட்டது.

திரும்பி வந்தபோது மேலாளர் அலசும் தொட்டியைக் காலி செய்து, தேய்த்துக் கழுவச் சொல்லியிருந்தார். விரிப்புகள் கொடியிலிருந்து இறங்கி மறுபடியும் டிரம்முக்குள் போய்க்கொண்டிருந்தன. இயந்திரத்தின் சுவிட்ச் அருகே நின்றபடி மேலாளர் கேட்டார்.

"நான் போடத் தயார்க்கா. பக்கத்துல யாரு நிக்கிறது?"

மூலையில் ஒரு நீல வாளி இருந்தது. மாமியார் அதை எடுத்து, மிச்சமிருந்த சோப்புத் தண்ணீரை வடிகாலில் ஊற்றிவிட்டு, இயந்திரத்தின் பக்கத்தில் கவிழ்த்துப் போட்டார். அதன்மேல் உட்கார்ந்து, ஷூக்களை ஈரத்தரையில் ஊன்றிக்கொண்டு, வலது கையைத் திருகியின் மேல் வைத்தார். இடது கையை மட்டும் மேலாளரைப் பார்த்து அசைத்தார்: போடு.