அடியில் போன வாய்க்கால்

மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடி எங்கே தேங்கும் என்று கணக்குப் போடும் மென்பொருளில்தான் என் பிழைப்பு. மண், சரிவு, வயல், வாய்க்கால் என்று ஒவ்வொன்றும் தனித்தனி லேயர். கண்ணாடித் தாள்களைப் போல ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவோம். மேலே அடர்ந்த வண்ணம் இருந்தால் கீழே இருப்பது தெரியாது. அதனால் வாய்க்காலை உச்சியில் வைக்க வேண்டும். பக்கத்து நாற்காலித் தோழிக்கு இதைச் சொல்லிக் கொடுத்த புண்ணியவதி நான்தான். ஸ்ரீரங்கத்திலிருந்து இருவரும் ஒரே பஸ்ஸில்தான் ஆபீஸ் போவோம்.

ஜீயபுரம் பக்கம் வாழைத்தோட்டத்தை மனை போட்டு விற்கும் ஒருவர் எங்கள் ஆபீஸில் மேப் கேட்டார். அங்கே பாதி தூர்ந்துபோன வாய்க்கால் ஒன்று உண்டு. செருப்பைச் சேற்றில் விட்டுவிட்டு, போனில் தடத்தைப் பதிந்தபடி அதன் வழியெல்லாம் நடந்து லேயரை வரைந்தேன். பிறகு காய்ச்சலில் படுத்துவிட்டேன். மேப்பை முடித்து அனுப்பியது அந்தத் தோழி.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். அதே இடத்தில் மனை வாங்கிப் பத்திரமும் பதிந்தாயிற்று என்று பூரித்துப்போய் போனில் மேப்பைக் காட்டினாள். அவள் மனை இருந்த மூலை முழுக்கப் பச்சை. அதன் குறுக்கே போகும் வாய்க்காலைக் காணோம்.

"உங்க ஆபீஸ் மேப்னு பாத்ததுமே தெம்பாயிடுச்சு. உனக்குக் காய்ச்சலாச்சேன்னு உன் ஃப்ரெண்டுக்குத்தான் போன் பண்ணிக் கேட்டேன்," என்றாள் அக்கா.

இந்த அக்கா வீட்டில் எத்தனை முறை சாப்பிட்டிருக்கிறாள் அந்தத் தோழி. திங்கட்கிழமை பஸ்ஸில் அவளோடு பேசவில்லை. ஆபீஸில் ஃபைலைத் திறந்தேன். மனைகளின் பச்சை லேயர் உச்சியில் இருந்தது. அதற்கு அடியில் நான் நடந்த வாய்க்கால், ஒரு வளைவுகூடக் குறையாமல் கிடந்தது.

"நான் எதையும் அழிக்கலையே," என்றாள் அவள். "மனைக்காரர் பச்சை எடுப்பா தெரியணும்னார். மேல தூக்கி வச்சேன், அவ்வளவுதான்."

"எங்க அக்காகிட்ட என்ன சொன்னே?"

என் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னாள்.

"நீயே நேர்ல நடந்து பாத்த இடம்னு சொன்னேன். அது பொய்யா?"

பொய் இல்லை. அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அக்கா கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.