அறுபத்திரண்டாவது முளைப்பாரி

அந்த மாசியில் என் மகள் சிவகாமி நிறைமாதமாக இருந்தாள். கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்துத் தரித்த முதல் பிள்ளை. பேறுகாலத்துக்கு என் வீட்டுக்கு வந்திருந்தாள். இரண்டாவது ஜெர்மன் சண்டை நடந்துகொண்டிருந்தது. சீமையெண்ணெய்க்கு வரிசையில் நின்ற காலம் அது. அன்னவாசல் பக்கம் வீட்டுக்கு வீடு விஷசுரம் என்று சந்தைக்குப் போய் வந்தவர்கள் சொன்னார்கள்.

அந்தச் சுரத்தை நான் அறிவேன். முதல் சண்டை முடிந்த வருஷம் அதே சுரம் எங்கள் ஊருக்கு வந்தது. நானும் விழுந்தேன், என் மனைவியும் விழுந்தாள். நான் எழுந்தேன். அவள் வயிற்றுப் பிள்ளையோடு போய்விட்டாள். அப்போது சிவகாமிக்கு மூன்று வயது.

நான் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். எதைக் கண்டாலும் எண்ணுவேன். ஊரில் அறுபத்திரண்டு வீடு. மாரியம்மன் திருவிழாவுக்கு வீட்டுக்கு நாலு விருந்தாளி வந்தால் இருநூற்று நாற்பத்தெட்டுப் பேர். அதில் ஒருவர் இருமினால் போதும். இந்தக் கணக்கைத் தூக்கிக்கொண்டு ஊர்த் தலைவரான அம்பலகாரரிடம் போனேன்.

"இந்த வருஷம் திருவிழா வேண்டாங்க, அம்பலம். சுரம் அடங்கட்டும்."

"வாத்தியாரே, மழை பேஞ்சா ஊரு முங்கிரும்பீங்க, வெயில் அடிச்சா ஊரு வெந்துரும்பீங்க. ஒங்க பேச்சைக் கேட்டா ஆத்தாளுக்கு என்னைக்குமே தேர் இல்லை. செவ்வாய்க்கிழமை பூக் கேப்போம். அவ வேண்டாம்னா விட்ருவோம்."

எங்கள் ஊரில் பூக் கேட்பது என்றால், அம்மன் சிலையின் இரண்டு தோளிலும் பூவைச் சந்தனத்தில் ஒட்டிவைத்துக் காத்திருப்பது. வலப்பக்கப் பூ விழுந்தால் உத்தரவு. இடப்பக்கம் விழுந்தால் அந்த வருஷம் திருவிழா இல்லை.

செவ்வாய்க்கிழமை நான் முதல் ஆளாகப் போய் நின்றேன். வாழ்நாளில் அப்படி வேண்டிக்கொண்டதில்லை. "தாயே, இடப்பக்கம் கொடு. என் மகளை விட்டுவை. இந்த அறுபத்திரண்டு வீட்டையும் விட்டுவை" என்று கண்ணை மூடிக் கதறினேன்.

கண்ணைத் திறந்தபோது வலப்பக்கப் பூ தரையில் கிடந்தது.

குலவை எழுந்தது. தாயும் என்னைக் கைவிட்டாள் என்றே நினைத்தேன்.

அப்போதுதான் அந்தத் தவறு நடந்தது. பூ விழுந்த எட்டாம் நாள்தான் காப்புக் கட்டுவது வழக்கம். இடையில் உள்ள நாளில்தான் வெளியூர்ச் சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்புவோம். காப்புக் கட்டிவிட்டால் எல்லைக்கல்லைத் தாண்டி யாரும் உள்ளே வரக்கூடாது. தாண்டிப் போனவர் திருவிழா முடிகிறவரை திரும்பக்கூடாது. முன்கூட்டி வந்த விருந்தாளிகள்தான் உள்ளே இருப்பார்கள். ஆனால் அன்று பூசாரிக்கு அருள் வந்துவிட்டது. அம்மன் காலடியில் இருந்த மஞ்சள் கயிற்றை எடுத்துத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டார். நாங்கள் தடுக்குமுன் எல்லைக்கல்லிலும் வேப்பிலையைச் சுற்றிவிட்டார்.

"யோவ் பூசாரி, என்னய்யா பண்ணிட்டே! என் மகளுக்கு இன்னும் சொல்லியே அனுப்பலையே!" என்று அம்பலகாரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"நான் கட்டலைங்க. எப்படிக் கட்டுனேன்னே எனக்குத் தெரியலைங்க" என்று பூசாரி அழுதார்.

கட்டிய காப்பை அவிழ்க்க முடியாது. விருந்தாளி ஒருவரும் இல்லாமல் திருவிழா தொடங்கியது. வீட்டுக்கு ஒரு முளைப்பாரி போட்டார்கள். பூசாரியைத் திட்டாதவர் இல்லை. நான் மட்டும் திட்டவில்லை. உள்ளே ஏதோ ஒன்று மெதுவாக விளங்கத் தொடங்கியிருந்தது.

அது முழுவதும் விளங்கியது சில நாள் கழித்து, ஒரு சாயங்காலம். திருமயத்தில் ஜவுளிக்கடையில் வேலைபார்த்த என் மாப்பிள்ளை, மனைவியைப் பார்க்கும் ஆசையில் வந்துவிட்டார். காப்புக் கட்டிய செய்தி அவருக்குத் தெரியாது. எல்லைக்கல்லில் இளவட்டங்கள் மறித்துக்கொண்டு எனக்கு ஆள் விட்டார்கள். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். முகம் சிவந்து, கண் பழுத்து, நிற்க முடியாமல் கல்லைப் பிடித்துக்கொண்டு இருமினார். அந்த இருமல் எனக்குத் தெரியும். இருபத்தைந்து வருஷமாக என் காதில் இருந்த இருமல்.

காப்பு மட்டும் இல்லையென்றால் அவர் நேரே என் மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்திருப்பார். நினைக்கும்போதே மயிர்க்கூச்செறிந்தது. நான் கேட்டதைத் தாய் கொடுக்கவில்லை. நான் கேட்கத் தெரியாமல் விட்டதைக் கொடுத்திருந்தாள்.

"மாமா, நான் திரும்பிப் போயிர்றேன்" என்றார். அவரால் பத்து அடி நடக்க முடியாது.

நான் பயந்தாங்கொள்ளி. ஊரே அறியும். ஆனாலும் அன்று கல்லைத் தாண்டினேன். வெளிப்பக்கம் இருந்த எங்கள் களத்துக் குடிசைக்கு அவரைத் தாங்கிக்கொண்டு போனேன். வீட்டில் சிவகாமிக்குத் துணையாக இருந்த என் தங்கை தினமும் ஓலைப்பட்டையில் கஞ்சி கொண்டுவந்து கல்மேல் வைத்துவிட்டுத் தள்ளிப்போய் நிற்பாள். குடித்ததும் பட்டையைக் கொளுத்திவிடுவேன். ஊருக்குள் கொட்டுச் சத்தம் கேட்கும். இங்கே மாப்பிள்ளை பிதற்றுவார். ஈரத்துணியை மாற்றுவதும் தாயைக் கூப்பிடுவதும்தான் என் வேலை. எனக்குச் சுரம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று இன்றுவரை தெரியாது. ஒரு விடியலில் அவருக்கு வியர்த்தது. "மாமா, பசிக்குது" என்றார். நான் வாய்விட்டு அழுதேன்.

கடைசி நாள் முளைப்பாரி, குடிசைக்கு எதிரே தெரிந்த கண்மாய்க்கு வந்தது. சாவுத் தீட்டு விழுந்த வீட்டில் பாரி எடுக்க மாட்டார்கள். அதனால் குடிசை வாசலில் நின்று ஒவ்வொன்றாக எண்ணினேன். கரைமேல் பச்சைப்பசேலென்று வரிசை வந்தது. ஐம்பது, அறுபது, அறுபத்தொன்று. அத்தோடு நின்றுவிட்டது.

மறுபடி எண்ணினேன். அறுபத்தொன்றுதான். கூட்டத்தில் என் தங்கையைக் காணோம். வராத பாரி எங்கள் வீட்டுப் பாரி.

மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். மாப்பிள்ளை என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது கரையில் என் தங்கை ஓடிவந்தாள். தலையில் பாரி இல்லை.

"அண்ணே! அங்கிட்டே நில்லுங்க! பொம்பளைப் புள்ளை! ஆத்தாளும் புள்ளையும் சொகம்!"

"பாரி எங்கே, தாயீ?"

"என்னண்ணே கேக்குறீங்க? புள்ளை பொறந்த வீடும் தீட்டுத்தானே! எப்படிப் பாரி எடுக்குறது?"

என் கணக்கில் சாவுக்குத்தான் இடம் இருந்தது. பிறப்புக்கு நான் இடமே விடவில்லை. கரைப்பக்கம் விழுந்து கும்பிட்டேன்.

சுற்றுப்பட்டில் பல ஊர்களில் பாடை போனது. எங்கள் ஊருக்குள் அந்தச் சுரம் எட்டிப் பார்க்கவில்லை. இப்போதும் சுரக் காலத்தில் சுரம் கண்டவர் அந்தக் குடிசைக்குத்தான் போகிறார். கஞ்சி ஓலைப்பட்டையில் போகிறது. அம்பலகாரரே கொண்டுபோய் வைக்கிறார். நான் இன்றும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் ஒன்று குறைந்தால் நெஞ்சு முன்போல் பதறுவதில்லை.

அன்பர்களே, உங்கள் ஊரிலும் சுரம் நடமாடும். தாயைக் கூப்பிடுங்கள். அவள் கதவைச் சாத்தினால் கோபித்துக்கொண்டு தள்ளித் திறக்காதீர்கள். வெளியே ஒருவர் துவண்டு நின்றால், அவருக்குக் கஞ்சியோடு நீங்கள் கல்லைத் தாண்டுங்கள். உள்ளே இருப்பவர்களை அவள் பார்த்துக்கொள்வாள். இதை நான் எழுதும்போது என் பேத்தி முத்துமாரி என் மடியில் உட்கார்ந்து மைக்கூட்டை இழுத்துக்கொண்டிருக்கிறாள்.