நாலாவது மாட்

ஊர்காவற்றுறையில் பைபர் வள்ளம் திருத்துகிறவன் நான். தொழில் தொடங்கிய புதிதில் எனக்கு ஒரு விசர் இருந்தது. நியாய விலைதான் சொல்வேன். சொன்ன பிறகு ஒரு ரூபாயும் இறங்க மாட்டேன். றெசின் பசை, பைபர் மாட், யாழ்ப்பாணத்திலிருந்து அவற்றை ஏற்றிவரும் செலவு, என் நாட்கூலி, எல்லாவற்றுக்கும் மேலே நூற்றுக்குப் பத்து லாபம். அவ்வளவுதான். பக்கத்துப் பட்டறைக்காரன் வாய் கூசாமல் இருபதாயிரம் கூட்டிச் சொல்லிவிட்டுப் பிறகு பத்தைக் குறைப்பான். சனம் அவனைத்தான் நல்லவன் என்றது. நான் கல்நெஞ்சுக்காரன்.

அந்த எரிச்சலோடு இருந்த நாளில்தான் அல்லைப்பிட்டியிலிருந்து ஒருவர் வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மனைவியின் சங்கிலியை விற்றுப் புது எஞ்சின் பூட்டியிருந்தார். வள்ளத்தின் அடியில் இரண்டு முழ நீளத்துக்கு வெடிப்பு. மாட் என்பது துணி மாதிரி. வெட்டி, றெசின் பூசி, ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டுவோம். அந்த எஞ்சினின் வேகத்துக்கு அங்கே நாலு மாட் போடவேண்டும். அறுபதாயிரம் என்றேன்.

“அம்பத்திரண்டு தாறன்.”

“ஏலாது அண்ணை. நான் கூட்டிச் சொல்லேல்லை. இதுதான் விலை.”

“எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுறது. கொஞ்சம் பார்த்துச் செய்யும் தம்பி. கேட்ட விலையைக் குடுத்துப்போட்டு வந்தா மனுசி என்னைப் பேயன் எண்டு ஏசுவாள்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் லாபம் முழுவதையும், அதற்கு மேலேயும், இந்த மனிதர் சிரித்துக்கொண்டே கேட்கிறார். சரி, ஐம்பத்திரண்டு என்றேன். அவருக்கு அப்படியொரு சந்தோசம்.

நான் லாபத்தில் கைவைக்கவில்லை. மூன்று மாட்டோடு நிறுத்தினேன். ஒரு மாட், அதற்குரிய றெசின், அரைநாள் வேலை மிச்சம். மேலே நீலப் பெயின்ற் அடித்தால் மூன்றும் நாலும் ஒன்றுதான். பயமோ வெட்கமோ வரவில்லை. உண்மையைச் சொன்னால், இனித்தது. குறைத்துக் கேட்டாய், குறைத்துத் தந்தேன். விலை இறங்கித் தருகிற நல்ல பொடியன் என்று அவர் ஊரில் சொல்லி, அந்த மாதமே மூன்று பேர் என்னைத் தேடி வந்தார்கள்.

கடலைக் குழப்பும் சோளகக் காற்று தொடங்கிய கிழமை, வள்ளம் கடலில் பிளந்து கவிழ்ந்தது. வெறும் பிளாஸ்டிக் எண்ணெய்க் கானைக் கட்டிப்பிடித்தபடி மத்தியானம்வரை மிதந்தவரை நயினாதீவு ஆட்கள் தூக்கினார்கள். எஞ்சினும் வலையும் கடலோடு போய்விட்டன. வள்ளத்தை மட்டும் கட்டி இழுத்து வந்து என் பட்டறையில் போட்டார்கள்.

உடைந்த விளிம்பு நன்றாகத் தெரிந்தது. மூன்று மாட். குனிந்து பார்க்கவே தேவையில்லை. அவரும் அதையேதான் பார்த்துக்கொண்டு நின்றார். எத்தனை இருக்கவேண்டும் என்று அவருக்குத் தெரியாது. உப்பிலும் வெயிலிலும் கன்னத்துத் தோல் உரிந்திருந்தது.

“உம்மட வேலையில பிழையில்லைத் தம்பி. நான்தான் எங்கையோ கல்லில ஏத்திப்போட்டன் போல.”

“பார்த்து ஓடியிருக்க வேணும் அண்ணை,” என்றேன். இதை எழுதக் கை கூசுகிறது. அன்று சொல்ல வாய் கூசவில்லை.

“எஞ்சின் இல்லாமல் வள்ளத்தை வைச்சு என்ன செய்யிறது? வடிவாத் திருத்தித் தாரும். வித்துப்போட்டு வேற ஆக்களின்ர வள்ளத்தில கூலிக்குப் போறன். எவ்வளவு வரும்?”

அறுபதாயிரம் என்றேன். பேரம் பேசுவார் என்று காத்திருந்தேன். பேசியிருந்தால் பாதியாகக் குறைத்திருப்பேன், சும்மாகூடச் செய்து கொடுத்திருப்பேன் என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அவர் சரியென்று தலையாட்டினார்.

நாலு மாட் போட்டேன். நாலுக்கும் காசு வாங்கினேன்.