வம்சப் படத்தில் ஒரு வட்டம்

ஐயா, அம்மையீர்,

கீரமங்கலத்துக்கு அருகிலுள்ள எங்கள் ஊரில் சென்ற ஆண்டு நிகழ்ந்ததை எழுதுகிறேன். மானிடவியல் பயிலும், தமிழ் கற்றுவந்த வடநாட்டுப் பெண்ணொருவர் எங்கள் தெருவின் உறவுமுறைகளை ஆராய வந்து, எங்கள் மாடியறையில் மூன்று மாதம் தங்கினார். ஒவ்வொரு குடும்பத்துக்கும் வம்சப் படம் வரைய வேண்டும். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம். படங்கள் நிறையாவிடில் பட்டம் கிடைக்காது என்றார். முதல் மாதம் கழிந்தபோது ஏட்டில் இருந்தது எங்கள் வீட்டுப் படம் ஒன்றே. தெருப் பெண்கள் காப்பி கொடுத்தார்கள், பேச்சுக் கொடுக்கவில்லை.

காரணத்தை என் மனைவி கண்டறிந்தாள். ஒருநாள் காலை, பூக்கட்டும் பெண்கள் நடுவே அவர் என்னை அண்ணன் என்றும் அவளை அக்கா என்றும் விளித்தார்.

“அடி ஆத்தாடி! நான் ஒனக்கு அக்கான்னா இவுக மச்சான். இவுக அண்ணன்னா நான் அண்ணி. ரெண்டையும் சேத்துச் சொன்னா, அண்ணனும் தங்கச்சியும் கட்டிக்கிட்ட குடும்பம்னுல்ல ஆகுது!”

சிரிப்பு அடங்கியபின் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்: “அதான் நாங்களும் முழிக்கிறோம். முறை தெரியாத புள்ளைகிட்ட என்னத்தப் பேசுறது?”

“மரியாதைக்காகச் சொன்னேன்” என்றார் அவர், முகம் சிவந்து.

“மச்சான் வீட்டுல வயசுப்புள்ள தங்குனா ஊரு சிரிக்கும். இவுகளுக்குக் கூடப்பொறந்த பொண்ணு கெடையாது. தங்கச்சியா இருந்துக்க” என்றாள் என் மனைவி.

நால்வர் ஆண்மக்களுள் மூத்தவனாகிய நான் அன்று முதல் அவரைத் தங்கச்சி என்றே அழைத்தேன்.

மறுநாளே கதவுகள் திறந்தன. எனக்கு அத்தை முறையாகும் எதிர்வீட்டு மூதாட்டி, “எம் மகனுக்கு ஒன்னையக் கட்டி வைக்கவாடி? அறுபது வயசுதான் ஆகுது. சோறாக்கத் தெரியுமா?” என்று கேட்டார்.

“தெரியாது அத்தை. அவருக்குத் தெரியுமா?”

இத்தகைய கேலிக்கு எந்தெந்த முறையாருக்கு உரிமையுண்டு என்பதும் அவருடைய ஏட்டில் ஏறியது.

மனிதர் அனைவரின் முன்னோரும் ஆப்பிரிக்காவில் தோன்றியவர்கள் என்றும், எலும்புகளும் மரபணுவும் அதற்குச் சான்று என்றும் ஒரு மாலை விளக்கினார்.

“அப்ப ஒலகமே பங்காளியா? பொண்ணு எங்கிட்டுப் போயி எடுக்குறது?” என்றாள் என் மனைவி.

உடலின் வழிவரும் உறவு வேறு, யாரைப் பங்காளி என்றும் யாரைச் சம்பந்தி என்றும் வகுப்பது அந்தந்த மக்கள் கட்டிக்கொண்ட ஏற்பாடு என்று அவர் சொன்னார். நூலகத்தில் பலமுறை படித்தும் எனக்குப் பிடிபடாத வேறுபாடு அது.

புறப்படும் நாளில் எங்கள் வீட்டுப் படத்தைக் காட்டினார். என் முக்கோணத்தின் அருகே பென்சிலால் ஒரு வட்டம், அது அவர்தாம். ஆராய்பவர் தம்மையே படத்தில் சேர்த்தால் பேராசிரியர் மறுக்கக்கூடும் என்று, கையில் ரப்பருடன் நின்றார். இருக்கட்டும் என்று சொல்ல எனக்கு ஆசை. ஆயினும் பிறருடைய படிப்பில் தலையிடத் துணியவில்லை.

“கட்டிக்குடுத்துப் போன நாத்தனாரையே வம்சத்துலருந்து யாரும் அழிக்கிறதில்ல. பேனாவுல எழுது” என்றாள் என் மனைவி.

எழுதினார். ‘பிறப்பால் அன்று, முறையால்’ என்று அடியில் ஒரு குறிப்பும் சேர்த்தார். பேராசிரியர் ஏற்றுக்கொண்டதாகப் பின்னர் கடிதம் வந்தது. இந்தத் தை மாதம், வாழ்நாளில் முதன்முறையாக, ஒரு தங்கைக்குப் பொங்கல் சீர் அனுப்பினேன்: மஞ்சள், வெல்லம், ஒரு புடவை. கரும்பைக் கூரியர்காரர் ஏற்கவில்லை.

அப்படத்தின் நகலை இத்துடன் இணைத்துள்ளேன். கடிதத்தையும் படத்தையும் பிரிக்காமல் உங்கள் ஆவணக் காப்பகத்தில் பாதுகாத்து வைக்குமாறு வேண்டுகிறேன்.