ஒரு தடவை அழுத்தினால் போதும்

செய்தி வந்தபோது அம்மா திரையில் ஒரு பெயரைப் பாதி அடித்திருந்தாள். 'லட்சு' என்பதோடு நின்றிருந்தது. போனைக் காதில் வைத்தவள் எழுந்து, டயாலிசிஸ் மையத்தின் வரவேற்பு மேஜையை விட்டு வாசல் படிக்குப் போய் நின்றாள். பள்ளி விட்டதும் அங்கே வந்து உட்கார்ந்திருப்பது என் வழக்கம். நானும் பின்னாலேயே போனேன்.

"ரெஜினா போயிட்டாளாம்டி."

மூன்று நாள் காய்ச்சல் என்றார்கள். முப்பத்தாறு வயது. அதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. கால் மணி நேரம் கழித்து மேஜைக்குத் திரும்பினோம். 'லட்சு' அப்படியே இருந்தது. கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: "மெதுவா வாங்க. நீங்க விட்ட இடத்துலயே இருக்கு." அதை எழுதி வைத்தவரே ரெஜினா அக்காதான். அம்மா அதைப் படித்துவிட்டு முந்தானையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள்.

அக்காவின் முப்பதாம் நாளுக்காகக் கொண்டுவரும் இந்தச் சிறு நினைவு மலரில் எழுதும்படி அவருடைய தம்பி அந்தோணி அண்ணன் கேட்டார். உங்களில் பெரும்பாலோர் அக்காவோடு வேலை பார்த்தவர்கள். இல்லையென்றால் அவர் செய்து கொடுத்த கணினித் திரைகளில் வேலை பார்த்தவர்கள். நான் இரண்டும் இல்லை. பதினொன்றாம் வகுப்பில் படிக்கிறேன். ஆனாலும் அவரைப் பற்றி எழுதியே ஆக வேண்டிய கடன் ஒன்று எனக்கு இருக்கிறது.

மூன்று வருடத்துக்கு முன்னால் நடந்தது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் மையத்துக்கு ஆறு டயாலிசிஸ் மெஷின்கள். கே.கே. நகரில் அதே மையத்தின் இன்னொரு கிளை. எந்த மெஷினில் எந்த வேளைக்கு யார் என்ற பட்டியல் முழுவதும் கே.கே. நகரில் உள்ள ஒரு சர்வரில் இருக்கிறது. அம்மா இங்கே நோயாளியின் பெயரையும் வேளையையும் அடித்து 'பதிவு' என்ற பட்டனை அழுத்தினால், அந்தப் படிவம் காவிரிப் பாலத்தைத் தாண்டி அங்கே உள்ள ஒரு நிரலிடம், அதாவது ப்ரோக்ராமிடம், போய்க் கேட்கும். அதைத்தான் அவர்கள் தொழிலில் வெப் சர்வீஸ் என்கிறார்கள். அது காலியாக இருக்கும் ஒரு மெஷினைப் பிடித்து, பெயரைப் போட்டு, பதில் அனுப்பும். அந்தப் பதில் வரும்வரை அப்போதெல்லாம் எங்கள் திரை வெளுத்துப்போய் உறைந்து நிற்கும். உயிரோடு இருக்கிறதா என்றே தெரியாது.

ஒரு வியாழக்கிழமை மாலை அம்மா ஒரு நோயாளிக்குச் சனிக்கிழமை காலை வேளையைப் பதிவு செய்தாள். பட்டனை அழுத்தினாள். திரை வெளுத்தது. அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து நர்ஸ் கூப்பிட்டார். "இதோ வரேன்," என்று அம்மா ஓடினாள்.

நான் மேஜைக்குப் பக்கத்தில் நூலகப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். திரை வெளுத்தே இருந்தது. அம்மாவுக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு எழுந்துபோய் அந்தப் பட்டனை அழுத்தினேன். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு தடவை அழுத்தினேன். பிறகு வந்து உட்கார்ந்துகொண்டேன்.

ஒரே ஆளுக்கு மூன்று மெஷின்கள் பதிவாகிவிட்டன. மறுநாள் எங்கள் மையத்து நோயாளி பஷீர் மாமா உறையூரிலிருந்து போன் செய்து சனிக்கிழமை காலைக்கு இடம் கேட்டபோது, திரை 'இல்லை' என்றது. அம்மாவும் இல்லை என்றாள். ஞாயிற்றுக்கிழமை அவரை மூச்சு வாங்க வாங்க ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். நல்ல வேளையாகப் பிழைத்தார். ஆனால் சனிக்கிழமை இரண்டு மெஷின்கள் சும்மா கிடந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள். பதிவு செய்தவர் பெயர் என்று மூன்றிலும் அம்மாவின் பெயர்தான் இருந்தது.

"நான் ஒரு தடவைதான் சார் அழுத்தினேன்," என்றாள் அம்மா.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா கலாம்மா?" என்றார் மேலாளர். "செவ்வாய்க்கிழமை அந்த ப்ரோக்ராம் போட்ட பொண்ணு வருது. உங்க மேல தப்புன்னு சொல்லிட்டா, புதன்கிழமையிலேருந்து நீங்க வர வேணாம்."

எங்கள் வீட்டுக்கு வருமானம் அம்மாவின் வேலை மட்டும்தான். எனக்கு அது தெரியும். தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. இதைத்தான் கடன் என்றேன்.

செவ்வாய்க்கிழமை ரெஜினா அக்கா ஸ்கூட்டியில் வந்தார். ஒல்லியாக இருந்தார். துப்பட்டாவை இடுப்பில் முடிந்திருந்தார். இவரா கண்டுபிடிக்கப்போகிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. அவர் முதலில் மடிக்கணினியைத் திறக்கவே இல்லை. ஒரு ஸ்டூலை இழுத்து அம்மாவுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"நீங்க எப்பவும் செய்ற மாதிரி செய்யுங்கக்கா. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

ஒரு மணி நேரம் அப்படியே பார்த்தார். அம்மா ஒற்றை விரலால் அடிப்பாள். பட்டனை அழுத்தியதும் மவுசிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். திரை எவ்வளவு நேரம் வெளுத்திருந்தாலும் அந்தக் கை மடியை விட்டு எழாது. காத்திருக்கும் நோயாளியிடம், "நீங்க உக்காருங்க, நான் விசாரிச்சுச் சொல்றேன்," என்பாள். எத்தனையோ நாள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் கை மடிக்குப் போவதை நான் கவனித்ததே இல்லை. ரெஜினா அக்கா பார்த்துக்கொண்டிருந்ததால்தான் நானும் பார்த்தேன்.

பிறகு மேலாளரைக் கூப்பிட்டார். "சார், நீங்க ஒரு பதிவு போடுங்க. சும்மா, சோதனைக்குத்தான்."

தன் போனிலிருந்து கணினிக்கு இணையத்தைக் கொடுத்து, அந்தப் போனை மருந்து வைக்கும் இரும்பு பீரோவுக்குள் வைத்து, கதவை ஒரு விரல்கடை விட்டுச் சாத்தினார். சிக்னல் தேய்ந்துபோயிற்று. மேலாளர் பட்டனை அழுத்தினார். திரை வெளுத்தது. "என்ன இது," என்று மறுபடி அழுத்தினார். உச்சுக்கொட்டினார். இன்னும் மூன்று தடவை அழுத்தினார்.

அக்கா பீரோவைத் திறந்து போனை எடுத்து, தன் மடிக்கணினியில் பார்த்தார். "சார், நீங்க அஞ்சு மெஷின் எடுத்திருக்கீங்க. இன்னும் ஒண்ணுதான் பாக்கி."

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார். மேலாளர் சிரிக்கவில்லை. "அப்ப அன்னிக்கு மூணு தடவை அழுத்தினது யாரு? அதைச் சொல்லுங்க முதல்ல."

நான் புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன்.

"யாரு அழுத்தினாங்கன்னு கேக்காதீங்க சார். மூணு தடவை அழுத்த விட்டது யாருன்னு கேளுங்க. அது நான்தான். எழுதிக் கொடுக்கச் சொன்னாலும் கொடுக்குறேன்," என்றார் அக்கா.

உண்மையாகவே எழுதிக் கொடுத்தார். அம்மாவின் வேலை தப்பியது. அவருடைய நிறுவனத்தில் அதற்காக அவரைச் சும்மா விட்டிருக்க மாட்டார்கள் என்று பின்னால்தான் புரிந்தது. பெரியவர்கள் தவறை ஒப்புக்கொள்ளும்போது கூடவே ஒரு காரணத்தையும் சொல்வதைத்தான் அதுவரை கேட்டிருந்தேன். அவர் காரணம் எதுவும் சொல்லவில்லை. அவரை அன்று நான் நிமிர்ந்து பார்த்த மாதிரி வேறு யாரையும் பார்த்ததில்லை.

போகும் முன் ஒரு தாளை அச்செடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அதில் அந்த வியாழக்கிழமைப் பதிவின் மூன்று வரிகள் இருந்தன. மூன்றிலும் அதே நோயாளியின் பெயர். நேரம் மட்டும் சில நொடிகள் தள்ளித் தள்ளி.

"முதல் வரி அம்மாவோடது," என்றார், மெல்ல. "மத்த ரெண்டும் யாரோடதுன்னு நான் கேக்கப்போறதில்ல."

"எப்படித் தெரிஞ்சுச்சு அக்கா?"

"நான் வந்ததுலேருந்து அதே பக்கத்தையே படிக்கிற."

"சார்கிட்ட சொல்லிடுவீங்களா?"

"என் தப்பை நான் சொல்லியாச்சு. உன் தப்பு உன்னோடது மது. அதை எடுத்துச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது." தாளை என் புத்தகத்துக்குள் வைத்து மூடினார்.

அடுத்த நான்கு நாளும் அதே ஸ்டூலில் உட்கார்ந்து படிவத்தை மாற்றி எழுதினார். கேட்கும் வேலையைப் பின்னணிக்குக் கொண்டுபோனார்; திரை வெளுப்பது நின்றது. ஒரு தடவை அழுத்தியதும் பட்டன் மங்கிவிடும்படி செய்தார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அவர் மேலும் ஒன்று செய்தார். படிவம் திறக்கும்போதே அதற்கென்று ஒரு தனி எண் பிறக்கும். அதே எண்ணோடு எத்தனை தடவை வந்து கேட்டாலும் கே.கே. நகரில் உள்ள நிரல் புதிதாக எதையும் எழுதாது. முதலில் சொன்ன பதிலையே திரும்பச் சொல்லும்.

"பட்டனைத்தான் மங்கலாக்கிட்டீங்களே, அப்புறம் நம்பர் எதுக்கு?" என்று கேட்டேன்.

"நடுவழியில நெட் போயிடுச்சுன்னு வை. நான் கேட்டது அங்க போகவே இல்லியா, இல்ல போய்ச் சேர்ந்து பதில்தான் வரலியா? எனக்கு எப்படித் தெரியும்?"

யோசித்துப் பார்த்தேன். தெரிந்துகொள்ள வழியே இல்லை. ஒரு கணம் பயமாகக்கூட இருந்தது.

"தெரியாது. அதனால திரும்பக் கேட்டுத்தான் ஆகணும். திரும்பக் கேக்குறது தப்பே இல்ல. கேட்டதுனால யாரோட எடமும் பறிபோகக் கூடாது. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவர் சொன்னது எனக்கு மலை மாதிரித் தெரிந்தது. ஆற்றின் இந்தப் பக்கம் ஒரு படிவம், அந்தப் பக்கம் ஒரு நிரல். ஒன்றையொன்று பார்க்க முடியாது. நடுவில் எது வேண்டுமானாலும் அறுந்துபோகலாம். அப்படியிருந்தும் ஓர் எண்ணை வைத்துக்கொண்டு இரண்டும் ஒன்றையொன்று நம்புகின்றன. இதை ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்து, சுண்டல் தின்றுகொண்டே எழுதினார்.

கடைசி நாள் பதில் தாமதமானபோது திரையில் ஒரு வரி வந்தது: "நீங்க உக்காருங்க, நான் விசாரிச்சுச் சொல்றேன்."

அம்மா திகைத்தாள். "இது நான் சொல்றதாச்சே!"

"ஆமாக்கா. உங்ககிட்டேருந்து எடுத்ததுதான். 'பிழை ஐநூறு'ன்னு கம்ப்யூட்டர் பாஷையில போட்டா யாருக்கு என்ன புரியும்?"

இது எங்களுக்கு மட்டும் கிடைத்த மரியாதை என்று மூன்று வருடமாக நினைத்திருந்தேன். அடக்கத்தன்று அரியமங்கலத்தில் அது மாறியது. அவர் அப்பாவின் லேத் பட்டறை வாசலில் நாற்காலி போட்டிருந்தார்கள். அன்று எந்தப் பட்டறையிலும் மெஷின் ஓடவில்லை. எங்கள் பக்கத்தில், காந்தி மார்க்கெட் வெங்காய மண்டியில் கணினி பார்க்கும் ஓர் அண்ணன் உட்கார்ந்திருந்தார். அவர்கள் திரையையும் அக்காதான் செய்தாராம்.

"நெட்டு நின்னுச்சுன்னா எங்க ஸ்க்ரீன்ல என்ன வரும் தெரியுமா? 'அண்ணே, பொறுங்க, லோடு பாலத்துல நிக்குது'ன்னு வரும்," என்றார். "அது நான் பேசுற பேச்சு. மூணு நாள் எம் பின்னாடியே ஸ்டூல் போட்டு உக்காந்திருந்துச்சு அந்தப் பொண்ணு. லோடுமேன்லாம் என்னைக் கிண்டல் பண்ணுவானுங்க, உனக்கு ஆள் வச்சுட்டாங்கடான்னு."

ஒரு பள்ளி அலுவலகத்து அம்மா குறுக்கிட்டார். "எங்களுக்கு, 'சத்தம் போடாம வரிசையில நில்லுங்க' வரும்."

"அதுவும் நீங்க சொல்றதாங்க?"

"இருபது வருஷமா!"

இழவு வீட்டில் நான்கைந்து பேர் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக அழுதார்கள். இந்த ஊரில் எத்தனை மேஜைகளில், எத்தனை பேருடைய சொந்தப் பேச்சை அவர் எழுதி வைத்திருக்கிறார் என்று எண்ணிப் பார்க்க முயன்று, முடியாமல் விட்டேன்.

திரும்பும் பஸ்ஸில், மற்ற இரண்டு தடவையும் அழுத்தியது நான்தான் என்று அம்மாவிடம் சொன்னேன். அந்தத் தாளையும் காட்டினேன். காந்தி மார்க்கெட் தாண்டியதும்தான் அம்மா பேசினாள்.

"அன்னிக்கு யாருமே என்னை நம்பல. நீ ஒருத்தியாவது நம்புறேன்னு நெனச்சுக்கிட்டேன்டி. நீ நம்பல. உனக்குத் தெரிஞ்சிருக்கு."

நான் தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"பஷீர் பாய்கிட்ட நீயே போய்ச் சொல்லு," என்றாள்.

அடுத்த சனிக்கிழமை அவர் மெஷினில் படுத்திருந்தபோது போய்ச் சொன்னேன். மாமா கூரையைப் பார்த்தபடி கேட்டார். "அந்த ஞாயித்துக்கிழமை உசுரு தொண்டைக்கு வந்துச்சும்மா," என்றார். தலையை என் பக்கம் திருப்பினார். பிறகு, "எத்தனை தடவை அழுத்தின?"

"ரெண்டு தடவை மாமா."

"நான் லிஃப்டுக்கே அஞ்சு தடவை அழுத்துற ஆளு. போய்ப் படி. ரெஜினா பொண்ணுக்காக அல்லாகிட்ட துஆ செய்றேன்."

அந்தத் தாளை என் கணினி அறிவியல் நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். மூன்று வரிகள். இரண்டுக்கு நேரே என் பெயரை எழுதியிருக்கிறேன். ரெஜினா அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுவும், ஸ்டூலைப் பின்னால் போட்டுக்கொண்டு பேசாமல் பார்க்கும் அந்த வழியும்தான்.

நேற்று மாலை அம்மா பட்டனை அழுத்தினாள். மழை பெய்துகொண்டிருந்தது; கே.கே. நகரிலிருந்து பதில் வரவில்லை. "நீங்க உக்காருங்க, நான் விசாரிச்சுச் சொல்றேன்," என்றது திரை. அம்மா மவுசிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானும் என் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.